பைலட் தூங்கினா என்ன, நமக்கு டிக்கெட் சீப்பா கிடைக்குதே!

டிஸ்கி: நீளமான பதிவு. டீ, காபி ஏதாவது கையில் வச்சிக்கிட்டு உட்காருங்க. பாதியில் ஓடிப்போய் 'அருமை, தொடருங்கள்'னு பின்னூட்டம் போடுறவங்களை எனக்குத் தெரியும். ஹி ஹி.

2025 டிசம்பர் முதல் வாரம் இண்டிகோ விமானங்கள் வரிசையா ரத்தாகி, நாட்டுல இருக்கிற அத்தனை விமான நிலையமும் நம்ம கோயம்பேடு தீபாவளி ராத்திரி மாதிரி ஆச்சே, ஞாபகம் இருக்கா? அன்னைக்குக் காலையில குறிஞ்சிப்பாடி பஸ் ஸ்டாண்டு பக்கத்து டீக்கடையில் நடந்த பேச்சுதான் இந்தப் பதிவுக்கு மூலகாரணம். டிவியில் பெட்டி மேல உட்கார்ந்து அழுதுட்டிருந்த ஒரு அம்மாவைக் காட்டினாங்க. எனக்குப் பக்கத்தில் இருந்த பெரியவர் கிளாஸை வச்சிட்டு சொன்னார்: "மாசம் அஞ்சு லட்சம், ஏழு லட்சம் வாங்குறானுங்க. அவனுங்களுக்கு இன்னா சார் தூக்கம் வேண்டியிருக்கு?"

கடையில் இருந்த எல்லாரும் தலையாட்டினாங்க. நானும் பாதி ஆட்டிட்டு நிறுத்திட்டேன்.

அவரை விடுங்க. அவர் வாழ்க்கையில விமானம் ஏறாதவர். ஆனா அதே வாரம் நம்ம சக பதிவர்கள் எழுதினது என்ன? "புதிய விதியால் விமானிகளுக்கு ஓய்வு, பயணிகளுக்கு அவதி"ங்கற ரேஞ்சில்தான் பாதிப் பேர். வெள்ளைக்காலர் சோம்பேறிகள்னு ஒருத்தர். யூனியன் சதின்னு இன்னொருத்தர். கோடு எழுதி எழுதி ராத்திரி ரெண்டு மணிக்கு கண்ணு எரியுதுன்னு போன மாசம் புலம்பல் பதிவு போட்ட அதே ஆளுதான் இதையும் எழுதினார். உமக்கு கண்ணு எரிஞ்சா ஒரு பக் வரும். அங்க எரிஞ்சா என்ன வரும்னு யோசிச்சீரா ஓய்?

எங்க ஊர்க்காரனுக்கு இந்த விஷயத்தை விளக்கவே தேவையில்லை. குறிஞ்சிப்பாடியில் நாலு வீட்டுக்கு ஒரு வீடு நெய்வேலியில் ஷிஃப்ட் பார்த்த வீடு. எங்க சித்தப்பா சுரங்கத்துல பக்கெட் வீல் எந்திரத்துல இருந்தவர். ஏழு மாடி உயரத்துக்கு மேல நிக்கும் அந்த ராட்சசன். நைட் ஷிஃப்ட் முடிச்சு காலையில வந்தார்னா வீட்டுல மிக்ஸி ஓடக்கூடாது, ரேடியோ பாடக்கூடாது, எங்களுக்குத் திண்ணையில பேசக்கூட அனுமதி கிடையாது. அவர் சொல்லுவார்: "பத்து மணிக்கு நல்லாத்தான் இருக்கும். பன்னெண்டுக்கும் நல்லாத்தான் இருக்கும். மூணுல இருந்து அஞ்சு வரைக்கும்தான்டா எமன் நேரம். கண்ணு தொறந்தே இருக்கும், ஆள் உள்ள இருக்க மாட்டான்."

படிப்பு குறைவு எங்க சித்தப்பாவுக்கு. ஆனா உலகம் பூரா விமானப் போக்குவரத்து விதிகளை எழுதுறவங்க சொல்றதும் கிட்டத்தட்ட இதேதான். ராத்திரி 2 மணியில் இருந்து காலை 6 மணி வரைக்கும் உடம்போட கடிகாரம் அடிமட்டத்தில் இருக்கும். முந்தின நாள் நல்லா தூங்கினவனுக்கும் அப்படித்தான். சம்பளம் ஏழு லட்சமா ஏழாயிரமான்னு அந்தக் கடிகாரம் கேட்காது.

சரி, விதிக்கு வருவோம். என்னமோ நவம்பர் மாசம் ஒரு நாள் காலையில் டிஜிசிஏ தூங்கி எழுந்து திடீர்னு ஒரு விதி போட்டுட்ட மாதிரியும், பாவம் கம்பெனி தடுமாறிட்ட மாதிரியும்தான் எல்லாரும் எழுதினாங்க. இந்தப் பொய்யைத்தான் முதல்ல உடைக்கணும்.

விதி வந்தது 2024 ஜனவரி 8. மறுபடி படிங்க, 2024. அதுல என்ன இருந்தது? வாரத்துக்கு ஒரு தடவை தர்ற தொடர் ஓய்வு 36 மணி நேரமா இருந்தது, 48 ஆச்சு. 'ராத்திரி'ன்னா 12 மணியில் இருந்து 5 மணி வரைன்னு இருந்தது, 6 மணி வரைன்னு ஆச்சு. ராத்திரி டியூட்டியில் 6 தரையிறக்கம் வரைக்கும் செய்யலாம்னு இருந்ததை 2-ஆ குறைச்சாங்க. ராத்திரியைத் தொடுற டியூட்டின்னா பறக்கும் நேரம் 8 மணி, மொத்த டியூட்டி 10 மணின்னு வரம்பு. களைப்பு பற்றி விமானிகள் கொடுக்கிற புகார்களை மூணு மாசத்துக்கு ஒரு தடவை கம்பெனிகள் அறிக்கையா தரணும். இவ்வளவுதான். பைலட்டுக்கு பல்லக்கு, சாமரம் எதுவும் இதுல இல்லை.

2024 ஜூன் 1-ல் அமலுக்கு வந்திருக்கணும். விமான கம்பெனிகள் கூடி 'அவகாசம் வேணும்'னு கேட்டாங்க. மார்ச் கடைசியிலேயே விதியைத் தூக்கி பரண்ல போட்டாச்சு. விமானிகள் சங்கங்கள் டெல்லி உயர் நீதிமன்றப் படியேறினாங்க. கோர்ட்டு அழுத்தத்துக்கு அப்புறம்தான் 2025-ல் ரெண்டு தவணையா அமல்படுத்துறோம்னு ஒப்புக்கிட்டது அரசு. 22 பிரிவுல 15 பிரிவு ஜூலை 1-ல், மிச்சம் நவம்பர் 1-ல்.

ஆக, விதி வந்து அமலாக கிட்டத்தட்ட 22 மாசம். எங்க ஊர்ல கல்யாணத்துக்குப் பொண்ணு பார்த்து, நிச்சயம் பண்ணி, கல்யாணம் முடிச்சு, பிள்ளைக்கு காது குத்துற வரைக்கும் போதுமான காலம். இந்த 22 மாசத்துல நாட்டுல உள்நாட்டு பயணிகள்ல நூத்துக்கு அறுபது பேருக்கு மேல சுமக்கிற கம்பெனி என்ன பண்ணிச்சு? ஆள் எடுப்பதையே நிறுத்தி வச்சிருந்தாங்கன்னு விமானிகள் கூட்டமைப்பு வெளிப்படையா குற்றம் சாட்டியது. புது விதிக்கு 2,422 கேப்டன் வேணும், இருக்கிறது 2,357-ன்னு அப்போ ஒரு கணக்கு வெளியாச்சு. வித்தியாசம் எவ்வளவு? 65 பேர்! துணை விமானிகளோ தேவைக்கு மேலேயே இருந்தாங்க.

65 கேப்டன் குறைஞ்சதுக்கா இவ்வளவு ரகளை? கணக்கு போட்டுப் பாருங்க, இடிக்கும். இடிக்கிற இடத்துலதான் விஷயமே இருக்கு. ரோஸ்டரை ஒரு நூல் இடைவெளி இல்லாம இழுத்துக் கட்டி வச்சிருந்தா, ஒரு இடத்துல பனிமூட்டம், இன்னொரு இடத்துல சர்வர் தகராறு, ஒரு பைலட்டுக்கு ஜுரம், அவ்ளோதான், மொத்த தறியும் நின்னுடும். எங்க ஊர் நெசவாளிகிட்ட கேளுங்க. பாவுல இழையை அளவுக்கு மீறி முறுக்கினா ஒண்ணு அறுந்தா பக்கத்துல பத்து அறும். சும்மா உட்கார்ந்திருக்கிற ஸ்டாண்ட்பை விமானி கம்பெனியோட எக்செல் ஷீட்டுல வீண் செலவு. பயணிக்கு அவன்தான் உயிர்நாடி.

இதை நான் மட்டும் சொல்லலை. டிஜிசிஏ விசாரணையே அதைத்தான் சொல்லிச்சு. விமானம், பணியாளர் எல்லாத்தையும் எல்லை வரைக்கும் கசக்கிப் பிழிஞ்சு ஓட்டணும்னு பார்த்ததும், போதுமான இடைவெளி வைக்காததும்தான் காரணம்னு. டிசம்பர் 3, 4, 5 மூணே நாள்ல 2,507 விமானங்கள் ரத்து, 1,852 தாமதம், மூணு லட்சத்துக்கு மேல பயணிகள் நடுத்தெருவுல. 2026 ஜனவரியில் அபராதம் போட்டாங்க. எவ்வளவு? 22 கோடியே 20 லட்சம்.

பெரிய தொகைன்னு வாயைப் பிளக்காதீங்க. அந்தக் கம்பெனியோட 2024-25 நிகர லாபம் 7,258 கோடி. 365-ஆல் வகுங்க. ஒரு நாளைக்கு கிட்டத்தட்ட 20 கோடி. அதாவது ஒரு நாள் லாபமும் இன்னும் ரெண்டு மூணு மணி நேர லாபமும். 50 கோடிக்கு வங்கி உத்தரவாதமும் கேட்டாங்க, இல்லைன்னு சொல்லலை. எங்க ஊர்ல ஹெல்மெட் போடாம போனா கட்டுற ஃபைன் நம்ம ஒரு நாள் கூலியை விட ஜாஸ்தி சாமி.

ஆனா எனக்கு அபராதம் கம்மிங்கறதுல கூட பெரிய வருத்தம் இல்லை. டிசம்பர் 5-ம் தேதி நடந்ததுதான் வயித்தெரிச்சல். அன்னைக்கு ஆயிரத்துக்கு மேல விமானம் ரத்து. அதே நாள் டிஜிசிஏ என்ன பண்ணிச்சு? ராத்திரி நேர வரையறையில் இருந்தும், ரெண்டு தரையிறக்க வரம்பில் இருந்தும் அந்தக் கம்பெனியோட ஏ320 விமானிகளுக்கு 2026 பிப்ரவரி 10 வரைக்கும் விலக்கு. தப்பு பண்ணினவனுக்கே பரிசு. கஷ்டப்பட்டு ஆள் எடுத்து விதியை மதிச்ச மத்த கம்பெனிக்காரன் இளிச்சவாயன்.

கூடவே இன்னொண்ணையும் வாபஸ் வாங்கினாங்க. கேட்க சின்ன விஷயம் மாதிரி இருக்கும். "வார ஓய்வுக்குப் பதிலா விடுப்பைக் கணக்குல காட்டக்கூடாது"ன்னு ஒரு பிரிவு. அதைத் தூக்கிட்டாங்க. புரியற மாதிரி சொல்றேன். நீங்க புதன்கிழமை உங்க சொந்த லீவுல தங்கச்சி வளைகாப்புக்கு போனீங்க. முதலாளி சொல்றாரு, 'அதான் புதன்கிழமை சும்மா இருந்தியே, ஞாயித்துக்கிழமை வேலைக்கு வா.' இதேதான். லீவு வேற, ஓய்வு வேறன்னு புரிஞ்சு எழுதின ஒரே வரி, அதுவும் போச்சு.

லீவும் ஓய்வும் வேற வேறன்னு எப்படி அடிச்சு சொல்றேன்? மங்களூர் இருக்கே.

2010 மே 22. துபாயில் இருந்து மங்களூர் வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் 812. 166 பேர்ல 158 பேர் கருகிப் போனாங்க. எட்டுப் பேர் பிழைச்சாங்க. மலையை வெட்டி மேடையா அமைச்ச ஓடுபாதை, ஒரு முனை தாண்டினா பள்ளத்தாக்கு. விமானம் வர வேண்டிய உயரத்தை விட ரொம்ப மேலே வந்தது. துணை விமானி 'மேலே கிளப்பிடலாம், சுத்தி வரலாம்'னு மூணு தடவை சொல்லியிருக்கார். கேப்டன் கேட்கலை. 8,000 அடி ஓடுபாதையில 5,200 அடி தாண்டித்தான் சக்கரம் தரையைத் தொட்டுது.

விசாரணையில் விமானி அறை ஒலிப்பதிவைக் கேட்டாங்க. ரெண்டு மணி அஞ்சு நிமிஷப் பதிவு. அதுல முதல் ஒரு மணி நாப்பது நிமிஷம் கேப்டன் பேச்சே இல்லை. குறட்டைச் சத்தம்தான்.

இதைக் கேட்டதும் நம்மாளு என்ன சொல்லுவான்? 'பாத்தியா, தூங்கிட்டு வந்து சாவடிச்சிட்டான்.' நானும் அப்போ அப்படித்தான் திட்டினேன். ஆனா அவர் ரெண்டு வாரம் லீவுல ஊருக்குப் போய்ட்டு மே 18-ம் தேதிதான் திரும்பியிருந்தார். லீவு இருந்தது. ஓய்வு குறைவுன்னு சொல்ல முடியாது. முந்தின நாள் ராத்திரி கிளம்பி துபாய் போய், விடியற்காலை அதே விமானத்தை ஓட்டித் திரும்பி வர்ற டியூட்டி. எங்க சித்தப்பா சொன்ன அந்த எமன் நேரத்துக்குள்ள நேரா ஓட்டிட்டுப் போற டியூட்டி. ரெண்டு வாரத் தூக்கத்தை பாங்க்ல போட்டு வச்சு 22-ம் தேதி விடிகாலை எடுத்துக்க முடியாதுங்க. உடம்பு அப்படி ஒரு கணக்கு வச்சிக்கறதில்லை.

அதோட, ஆழமா தூங்கினவன் எழுந்த உடனே முழிப்பு வராது. கண்ணு திறந்திருக்கும், மூளை அரை மணி நேரம் பின்னாடி வரும். அந்த அரை மணியில எடுக்கிற முடிவு குடிச்சவன் எடுக்கிற முடிவு மாதிரி. கேப்டன் அந்த நிலையில இருந்திருக்கலாம்னு விசாரணைக் குழுவும் எழுதினாங்க. பல நாடுகளில் விமானி சீட்டிலேயே குட்டித் தூக்கம் போட முறைப்படி அனுமதி உண்டு, ஆனா கொஞ்ச நேரம்தான், இறங்கறதுக்கு ரொம்ப முன்னாடியே எழுந்துடணும்னு கண்டிஷன். காரணம் இதுதான்.

158 பேர் செத்த அந்த ஒலிப்பதிவு கிடைச்ச நாடு சார் இது. அப்புறமும் ராத்திரி டியூட்டியைத் தளர்த்தி விலக்கு கொடுத்தோம். வேற நாட்டுக்காரன் என்ன பண்ணான்? 2009 பிப்ரவரி 12, அமெரிக்காவில் பஃபலோ நகரத்துக்குப் பக்கத்துல கோல்கன் கம்பெனி விமானம் ஒரு வீட்டு மேல விழுந்தது. விமானத்துல 49 பேர், வீட்டுல ஒருத்தர். துணை விமானி 24 வயசுப் பொண்ணு. சம்பளம் பத்தாம அப்பா அம்மா வீட்டுல சியாட்டில்ல இருந்துகிட்டு, நாட்டோட இந்தப் பக்கம் நியூவார்க்கில் டியூட்டி. முந்தின ராத்திரி முழுக்க சரக்கு விமானத்துல ஓசி சீட்டு பிடிச்சு வந்திருக்கு. கேப்டன் ஓய்வறை சோபாவுல ராத்திரியைக் கழிச்சவர். செத்தவங்க குடும்பத்தார் விடலை. போட்டோவை மாட்டிக்கிட்டு வாஷிங்டன்ல போய் உட்கார்ந்தாங்க. 2010-ல் சட்டம், 2014 ஜனவரியில் புது ஓய்வு விதி. டியூட்டிக்கு முன்னாடி 10 மணி நேர ஓய்வு, அதுல 8 மணி நேரம் தூங்க வாய்ப்பு. அங்கயும் சரக்கு விமான பைலட்டுக்கு இந்த விதி கிடையாது, லாபி அப்படி. அமெரிக்கா ஒண்ணும் சொர்க்கம் இல்லை. ஆனா பயணிங்க குடும்பம் பைலட்டோட தூக்கத்துக்காகப் போராடினாங்கங்கறதை கவனிங்க. நாம பைலட்டை திட்டிட்டிருக்கோம்.

அடுத்து, எப்பவும் வர்ற புத்திசாலி கேள்வி. "வருஷத்துக்கு ஆயிரம் மணி நேரம்தானே பறக்கலாம்? நான் ஆபீஸ்ல ரெண்டாயிரம் மணி உழைக்கிறேனே!" அண்ணே, அந்த ஆயிரம் விமானம் நகர ஆரம்பிச்சு நிக்கிற வரைக்கும் எண்ணுற மணி. மத்ததெல்லாம் கணக்குல வராது. காலை அஞ்சரை விமானம்னு வைங்க. நாலரைக்கு ஏர்போர்ட்ல இருக்கணும். மூணு மணிக்கு வண்டி வாசல்ல நிக்கும், ரெண்டரைக்கு எழுந்திருக்கணும். சென்னை, கோவை, சென்னை, மதுரை, சென்னைன்னு நாலு நடை. பறந்தது அஞ்சு மணி நேரத்துக்கும் குறைவு, ஆனா வீடு திரும்ப மதியம் தாண்டும். நடுவுல விமானம் நிக்கிற அரை மணியில் ஏறுறவன், இறங்குறவன், பெட்ரோல், வானிலை, பேப்பர். அதுக்கும் கணக்கு பூஜ்யம். எங்க ஊர் டவுன் பஸ் கண்டக்டருக்குக் கூட டீ குடிக்க நிறுத்தம் உண்டு.

இன்னைக்கு காலை டியூட்டி, நாளைக்கு மறுநாள் ராத்திரி டியூட்டி, அதுக்கு அடுத்து மறுபடி காலை. இதுதான் ஆளைக் கொல்றது. நெய்வேலியில் ஷிஃப்ட் மாறினா ஒரு வாரம் அதே ஷிஃப்ட் ஓடும், உடம்பு ஓரளவு பழகும்னு சித்தப்பா சொல்லுவார். வாரத்துக்குள்ளேயே மாறுற ரோஸ்டருக்கு எந்த உடம்பும் பழகாது.

2023 ஆகஸ்டில் நாக்பூர் விமான நிலையத்துல, போர்டிங் கேட் பக்கத்துல, விமானத்தை ஓட்டப் போன கேப்டனே சுருண்டு விழுந்து செத்துப் போனார். நாப்பது வயசு. களைப்புதான் கொன்னுதுன்னு நான் சொல்ல வரலை, முந்தைய டியூட்டிக்கு அப்புறம் போதுமான ஓய்வு இருந்ததுன்னு கணக்கு காட்டினாங்க. அவர் இன்னும் கொஞ்ச நேரம் கழிச்சு விழுந்திருந்தா, வானத்துல விழுந்திருப்பார்ங்கறது மட்டும் எனக்கு மண்டையில ஓடிட்டே இருந்தது.

பிடிக்கலைன்னா வேலையை விட்டுப் போயேன்னு கேட்பீங்க. போக முடியாது! 2017-ல் இருந்து கேப்டன் வேலையை விடணும்னா ஒரு வருஷம் முன்னாடி நோட்டீஸ் கொடுக்கணும், துணை விமானி ஆறு மாசம்னு விதி கொண்டு வந்தாங்க. எந்தத் தொழில்ல இருக்கு இந்தக் கொடுமை? ஐடி மக்கள் மூணு மாச நோட்டீசுக்கே ஒப்பாரி வைக்கிறீங்க. 2023-ல் ஆகாசா ஏர்ல 43 விமானிகள் நோட்டீஸ் முடிக்காமப் போனதுக்கு கம்பெனி கோர்ட்டுக்குப் போச்சு. சந்தோஷமா இருக்கிற இடத்துல இருந்து 43 பேர் ஒட்டுமொத்தமா ஓடுவானா? 2024 ஏப்ரல்ல விஸ்தாராவுல கதை வேற. சம்பள ஒப்பந்தத்தை மாத்தி, உறுதி செஞ்ச மணிக்கணக்கை 70-ல் இருந்து 40-ஆ குறைச்சாங்க. ரோஸ்டரும் கழுத்தை நெரிச்சது. விமானிகள் உடம்பு சரியில்லைன்னு படுத்தாங்க, கம்பெனி தினம் இருபத்தஞ்சு முப்பது விமானத்தை வெட்டிச்சு. 

ரோஸ்டர் போடுற இடமே ஓட்டை. 2025 ஜூன்ல ஏர் இந்தியாவுல ரோஸ்டர் வேலையைப் பார்த்த மூணு அதிகாரிகளை அந்தப் பொறுப்புல இருந்தே தூக்கச் சொல்லி டிஜிசிஏ உத்தரவு போட்டது. அதுக்கு ஒரு வருஷம் முன்னாடி, 2024 மார்ச்சில், டியூட்டி நேர விதியை மீறினதுக்கு அதே கம்பெனிக்கு 80 லட்சம் அபராதம். பயிற்சி பக்கம் போனா அதுவும் சிரிப்பா சிரிக்குது. கோழிக்கோடு, லே, காட்மாண்டு மாதிரி ஆபத்தான ஓடுபாதைகளுக்கு விசேஷப் பயிற்சி வேணும். அதுக்குத் தகுதி இல்லாத சிமுலேட்டர்ல சுமார் 1,700 விமானிகளுக்குப் பயிற்சி கொடுத்தாங்கன்னு 2025 ஆகஸ்ட்ல இண்டிகோவுக்கு நோட்டீஸ். அபராதம் 20 லட்சம். எதிர்த்து முறையிடுவோம்னு கம்பெனி சொல்லிச்சு. 1,700 பேருக்கு 20 லட்சம்னா தலைக்கு ஆயிரத்து இருநூறு ரூபாய்க்குள்ள. எங்க ஊர்ல டூவீலர் லைசென்ஸ் எடுக்க டிரைவிங் ஸ்கூல்காரன் இதை விட அதிகமா வாங்குறான்.

இந்த லட்சணத்துல, பிள்ளையை பைலட்டாக்கணும்னு கடன் வாங்குற அப்பா அம்மா கதை தனி. 200 மணி நேரம் பறந்து லைசென்ஸ் எடுக்கணும், அப்புறம் குறிப்பிட்ட விமானத்துக்கான பயிற்சி தனியா. அரை கோடிக்கு மேல ஆகும். கம்பெனியோட கேடட் திட்டம்னா ஒரு கோடிக்குப் பக்கத்துல போகும். நிலத்தை வித்து ஏறுன பையன் ரோஸ்டரை எதிர்த்து வாயைத் திறப்பானா? 'சார், களைப்பா இருக்கு, இன்னைக்கு ஓட்ட முடியாது'ன்னு ஒரு வார்த்தை சொல்ல, மாசத் தவணை ஒண்ணரை லட்சம் கட்டுறவனுக்கு தைரியம் வருமா? விதியில களைப்புன்னு சொல்ற உரிமை இருக்கு. உரிமையை எடுத்துப் பயன்படுத்த வயித்துல ஈரம் வேணும்.

சரி, பைலட்டெல்லாம் மகாத்மாவா? அடப் போங்க. 2012 மே மாசம் ஏர் இந்தியாவுல 58 நாள் வேலைநிறுத்தம் நடந்ததே, அது எதுக்கு? புதுசா வந்த போயிங் 787-ல் பழைய இந்தியன் ஏர்லைன்ஸ் விமானிகளுக்கும் பயிற்சி கொடுக்கக்கூடாது, எங்களுக்குத்தான்னு. கம்பெனி 2007-லேயே ஒண்ணா சேர்ந்துடுச்சு, இவங்க மனசு சேரலை. 'நீ குட்டை விமானக்காரன், நான் நெட்டை விமானக்காரன்'னு வர்ணாசிரமம். நூத்துக்கு மேல விமானிகளை வேலையை விட்டே தூக்கினாங்க, கடைசியில கோர்ட் வாசல்லதான் முடிஞ்சது. அப்போ இவங்க மேல மக்களுக்கு வந்த வெறுப்புதான் இன்னைக்கு வரைக்கும் ஒட்டிக்கிட்டு நிக்குது. களைப்பு, தூக்கம்னு உண்மையாவே பேசும்போது ஒருத்தனும் நம்ப மாட்டேங்கறான்னா அதுல அவங்க பங்கு நிறைய இருக்கு. 2009-ல் ஜெட் ஏர்வேஸ் விமானிகள் கூட்டமா 'உடம்பு சரியில்லை' போட்டப்போ எனக்குக் கோபம்தான் வந்தது. அப்புறம் தெரிஞ்சுது, சங்கம் வச்சதுக்காக ரெண்டு பேரை நீக்கினதுதான் ஆரம்பம்னு. கோபம் பாதி குறைஞ்சுது. மீதி பாதி இருக்கு.

டிசம்பர் களேபரத்துல அரசாங்கம் செஞ்ச ஒரே உருப்படியான காரியம் டிக்கெட் விலைக்கு உச்சவரம்பு வச்சதுதான். 500 கிலோமீட்டருக்குள்ளன்னா 7,500, 1,500 கிலோமீட்டருக்கு மேலன்னா 18,000. அதுவும் மத்த கம்பெனிங்க அம்பதாயிரம், அறுபதாயிரம்னு வித்ததுக்கு அப்புறம். விலைக்கு உச்சவரம்பு வைக்க ஒரு நாள்ல முடிஞ்ச அரசாங்கத்துக்கு விழிப்புக்கு உச்சவரம்பு வைக்க ரெண்டு வருஷமும் கோர்ட்டும் தேவைப்பட்டது.

எங்க ஊர் பக்கத்துலயும் ஒரு ஓடுதளம் இருக்கு, தெரியுமோ? நெய்வேலியில். ஒரு காலத்துல வாயுதூத் சின்ன விமானம் வந்து போகும், நாங்க சைக்கிள்ல போய் வேலி ஓரம் நின்னு கையாட்டுவோம். அப்புறம் புல் முளைச்சுது. 2017-ல் உதான் திட்டப் பட்டியலில் நெய்வேலி பேரு வந்ததும் ஊரே குதிச்சது, சென்னைக்கு ரெண்டாயிரத்து ஐநூறுக்கு டிக்கெட்னு. நானும் குதிச்சேன். அந்த ரெண்டாயிரத்து ஐநூறுல பைலட் தூக்கத்துக்கு எவ்வளவு ஒதுக்கியிருக்காங்கன்னு அப்போ எனக்குத் தோணலை.

மறுநாள் அதே டீக்கடை. பெரியவர்கிட்ட மங்களூர் கதையை மொத்தமா சொன்னேன். ஒலிப்பதிவு, குறட்டை, எல்லாம். கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம் கேட்டார்: "எங்க பெரியவன் விழுப்புரத்துல இருந்து பெங்களூருக்கு ஆம்னி பஸ் ஓட்டுறான். போய்ட்டு உடனே திரும்பறான். அவனுக்கு இதுல எந்த விதி சார்?"

மோட்டார் போக்குவரத்து தொழிலாளர் சட்டம் 1961-லயே வந்தது, நாளைக்கு எட்டு மணி நேரம்னு. சொன்னேன். சிரிச்சிட்டு காசைக் கொடுத்துட்டுப் போய்ட்டார்.

பி.கு: ஆம்னி பஸ் டிரைவர்கள் பத்தி அடுத்த பதிவு. இங்க பின்னூட்டத்துல 'யூனியன் கைக்கூலி'ன்னு ஆரம்பிக்கிற அனானிகள், உங்க வீட்டு ராத்திரி ஷிஃப்ட் ஆளுங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்து கும்முங்க. மட்டுறுத்தல் எல்லாம் கிடையாது.